முதல் மிடற்றில் தீர்ப்பு எழுதாதீர்கள்

அன்புள்ள புதிய நடுவர்களுக்கு,

நம் வீட்டு பியர்ப் போட்டியில் இந்த ஆண்டு முதன்முதலாக நடுவர் மேசையில் உட்காரப்போகிற உங்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். பயிற்சி வகுப்பில் ஒவ்வொரு வகையாகப் பார்த்துக்கொண்டே வந்து செசோனைத் தொட்டபோது மணி பத்தாகிவிட்டது. கடைசி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பத்தே நிமிடத்தில் அதை முடித்துக்கொண்டோம். அது தவறு என்று அன்றிரவே எனக்கு உறுத்தியது. நான் நடுவராக இருந்த ஆண்டுகளில் மற்ற எந்த வகையையும்விட அதிகமாகத் தப்பாக மதிப்பிடப்பட்டது இந்த வகைதான். அந்தத் தப்பில் என் பங்கும் உண்டு.

சிங்கப்பூரில் வீட்டில் பியர் காய்ச்சிக்கொள்ளலாம் என்ற அனுமதி 2004-இல் வந்தது. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. அன்று முதல் இன்று வரை நம்மைப் பாடாய்ப்படுத்துவது வெப்பம்தான். பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகளுக்கு 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் வேலை ஓடும். அடுக்குமாடி வீட்டின் 30 டிகிரி அறையில் விட்டால் தொண்டையைச் சுடும் கனத்த ஆல்கஹாலும் நெயில் பாலிஷ் வாடையும்தான் மிஞ்சும். செசோன் ஈஸ்ட்டுக்கோ அந்தச் சூடுதான் பிடிக்கும். தனியாக ஒரு குளிர்பதனப் பெட்டி வைக்க இடமில்லாதவர்கள் இந்த வகைக்கு வந்து சேர்வது அதனால்தான். ஆகவே உங்கள் மேசைக்கு செசோன் பாட்டில்கள் நிறைய வரும். முதன்முதலாகக் காய்ச்சியவரின் பாட்டிலும் அவற்றில் இருக்கும். அவருக்குப் போய்ச் சேரப்போவது உங்கள் கையெழுத்தில் ஒரு தாள்.

இந்த பியரின் பிறந்த ஊர் வெகு தூரம். பெல்ஜியத்தின் தெற்கே, பிரெஞ்சு பேசும் வாலோனியாவில், பிரான்சு எல்லையை ஒட்டிய எனோ மாகாணம். செசோன் என்றால் பிரெஞ்சில் பருவம். குளிர்பதனம் இல்லாத காலத்தில் கோடையில் காய்ச்சினால் பியர் கெட்டுவிடும். அதனால் வயல் வேலை ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் பண்ணையிலேயே காய்ச்சி வைத்து, கோடையில் வேலைக்கு வரும் ஆட்களுக்குக் கொடுத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பழைய பியர் இன்றைய செசோனைவிட வலு குறைந்தது என்பதே ஆய்ந்தவர்களின் கருத்து. யோசித்துப் பார்த்தால் அதுதான் நியாயமாகவும் படுகிறது. நாளெல்லாம் வெயிலில் குனிந்து அறுப்பவருக்குத் தாகம் அடங்க வேண்டும். தலை சுற்றக்கூடாது.

இன்று உலகம் முழுக்க இந்த வகைக்கு அளவுகோலாக வைத்துப் பேசப்படுவது, அதே மாகாணத்தில் தூர்ப் என்ற சிற்றூரில் இருக்கும் டூபோன் ஆலையின் செசோன். அந்தப் பண்ணையில் 1844 முதல் பியர் காய்ச்சுகிறார்கள். 1920-இல் ஆல்ஃபிரட் டூபோன் அதை விலைக்கு வாங்கினார். விவசாயம் பார்க்கக் கனடாவுக்குக் கிளம்பத் தயாராக இருந்த மகன் லூயியை ஊரிலேயே நிறுத்திவைக்க அவர் கண்ட வழி அது. மகனைக் கடல் தாண்ட விடாமல் தடுக்க ஒரு தகப்பன் பட்ட பாட்டில், நாம் அளவுகோலாக வைத்திருக்கும் பியர் நிலைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். செப்பு அண்டாவை நேரடித் தீயில் வைத்துக் காய்ச்சும் வழக்கத்தை அந்தக் குடும்பம் இன்னும் விடவில்லை. நொதித்தல் 30 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நடக்கிறது. பிறகு பாட்டிலில் அடைத்துப் படுக்கை வசத்தில் வாரக்கணக்கில் வைத்து, உள்ளேயே மறுபடி நொதிக்க விடுகிறார்கள். ஆல்கஹால் 6.5 சதவீதம். அதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் கிடையாது.

இவ்வளவையும் சொல்லக் காரணம், நடுவர் மேசையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்த வயலிலிருந்துதான் வருகிறது. இது தாகத்துக்கு ஆன பியரா? விழுங்கியதும் வாய் சுத்தமாகிறதா? அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகிறதா?

ஆங்கிலத்தில் இந்தக் குணத்தை டிரை என்கிறார்கள். அதை வறட்சி என்று பெயர்த்தால் விஷயம் கெட்டுப்போகும். நம் வீட்டு ரசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மெலிதாக ஓடும். மிளகு மூக்கில் ஏறும். நாவில் எதுவும் படியாது. குடித்து முடித்தால் வயிறு இன்னொரு பிடி சோறு கேட்கும். பருப்பைக் கரைத்துக் கெட்டியாக்கி, வெல்லத்தையும் அள்ளிப் போட்டால் அது ருசியாகக்கூட இருக்கலாம், ஆனால் ரசம் என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். செசோனும் அப்படித்தான். கனமும் இனிப்பும் ஏறிவிட்டால், குடிக்க நன்றாக இருந்தாலும் இந்த வகையில் அதற்கு மதிப்பெண் குறைய வேண்டும்.

எண்ணில் பார்த்தால் இன்னும் விளங்கும். மால்ட் சாற்றின் அடர்த்தி 1.048-க்கும் 1.065-க்கும் இடையில் தொடங்குகிறது. நொதித்து முடிந்த பிறகு 1.002-இலிருந்து 1.008-க்குள் நிற்க வேண்டும். வெறும் தண்ணீரின் அடர்த்தி 1.000. அந்த அளவுக்குச் சர்க்கரை தீர்ந்து போகிறது. மற்ற ஈஸ்ட்டுகள் தின்ன முடியாமல் விட்டுவிடும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டுகிற நொதியை, செசோன் ஈஸ்ட்டில் பல ரகங்கள் தாமே சுரந்துகொள்கின்றன. ஆனால் டூபோன் வழி வந்த ஈஸ்ட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் சில நாள் பொங்கித் தள்ளிவிட்டு, 1.035-ஐ ஒட்டி எங்கேயோ நின்றுவிடும். காய்ச்சியவர் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலில் அடைத்துவிடுவார். அது முடியவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அப்படி அடைத்த பாட்டில் ஒன்று இனிப்பாக வரும், அல்லது பாட்டிலுக்குள் மறுபடி வேலையைத் தொடங்கி மூடியைத் திறந்ததும் கூரைக்குப் பீய்ச்சும். பாட்டிலே வெடிக்கவும் கூடும். உங்கள் முன்னால் இப்படி ஒன்று வந்தால் 'இனிப்பு அதிகம்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாதீர்கள். சூட்டை 30 டிகிரிக்கு மேல் ஏற்றி, வாரக்கணக்கில் பொறுத்திருந்து, அடர்த்தி இரண்டு மூன்று நாள் நகராமல் நின்ற பிறகே அடைக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி ஒருவரின் கண்ணையோ கையையோ காப்பாற்றும்.

ஆனால் இனிப்பு என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நல்ல செசோனில் ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சையும் பேரிக்காயும் கலந்த வாசனை தூக்கலாக இருக்கும். பழ வாசனை வந்தாலே நம் மூளை இனிப்பு என்று முடிவுகட்டிவிடும். மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். அப்போதும் நாவில் இனிப்பு நின்றால் அது சர்க்கரை. மறைந்துவிட்டால் அது ஈஸ்ட் தந்த வாசனை, பியரின் பெருமை.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நான் நடுவராக உட்கார்ந்த முதல் ஆண்டு. நாலாவதோ ஐந்தாவதோ பாட்டில். மூக்கருகே கொண்டுபோனதுமே கிராம்பு வாசனை, பின்னால் மிளகு. தாளில் இப்படி எழுதினேன்: "மசாலா அதிகம். அடுத்த முறை கிராம்பையும் மிளகையும் பாதியாகக் குறையுங்கள்." மதிப்பெண்ணையும் குறைத்தேன். போட்டி முடிந்து எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். கோபப்படவில்லை. "அண்ணே, நான் மசாலா எதுவுமே போடலையே. எதைக் குறைக்கிறது?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. பார்லியிலும் கோதுமையிலும் ஃபெருலிக் அமிலம் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. செசோன் ஈஸ்ட் அதை உடைத்து, கிராம்பு மணக்கும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. மிளகுக் காரம் போல் தோன்றுவதும் இந்த ஈஸ்ட்டின் வேலைதான். டூபோன் செசோனில் மசாலா சேர்ப்பதே இல்லை. கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் போடுகிற ஆலைகளும் உண்டு. ஆனால் இந்த வகையின் மணம் முதலில் ஈஸ்ட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்த இளைஞர் ஈஸ்ட்டை அவ்வளவு அழகாக வேலை வாங்கியிருந்தார். நான் அதைக் குற்றமாக எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் போட்டிக்கு பியர் அனுப்பவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தத் தாளை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. என்ன மணக்கிறது என்று எழுதுங்கள். எதைப் போட்டார் என்று ஊகித்து எழுதாதீர்கள்.

அடுத்தது நேரம். இதைத்தான் வகுப்பில் சொல்லாமல் விட்டேன்.

போட்டி நாளில் பாட்டில்கள் பனிக்கட்டி போட்ட பெட்டியிலிருந்து நேரே மேசைக்கு வரும். 3, 4 டிகிரி. அந்தக் குளிரில் செசோன் வாயைத் திறக்காது. உங்களுக்குக் கிடைப்பது குளிர்ச்சி, குமிழி, லேசான கசப்பு, அவ்வளவுதான். பெயர் தெரியாத ஏதோ ஒரு லாகர் என்று எழுதிவிடத் தோன்றும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் நுரையைப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக் கருவை அடித்து வைத்ததுபோல் மேடும் பள்ளமுமாக நிற்க வேண்டும், இறங்கும்போது கண்ணாடியில் கிழிந்த வலைபோல் ஒட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் எலுமிச்சைத் தோல் எட்டிப்பார்க்கும். 8 டிகிரியைத் தாண்டும்போது மிளகு வரும். அதற்கும் பின்னால், நன்றாகக் காய்ந்த வைக்கோல் போல, மழை விட்ட தோட்டத்து மண் போல ஒன்று மெல்ல ஏறி வரும். எனக்கு செசோன் என்றால் அந்த வைக்கோல் வாசனைதான். 12 டிகிரிக்கு வரும்போது பியர் தன் கையிருப்பு முழுவதையும் காட்டிவிடும். நல்லதாக இருந்தால் இன்னும் நல்லதாகும். குளிர் மூடி மறைத்திருந்த குறை இருந்தால் அதுவும் அப்போது வெளியே வந்துவிடும். முதல் மிடற்றில் 50-க்கு 28 என்று மனத்தில் போட்டு, கடைசி மிடற்றில் 38 கொடுத்த பியர்கள் எனக்கு உண்டு. நேர்மாறாகவும் நடந்திருக்கிறது.

துப்பிவிடாதீர்கள். தேநீர் சுவைப்பவர்களும் ஒயின் சுவைப்பவர்களும் துப்புவார்கள். பியரின் கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுதாகத் தெரியும், செசோனின் உயிரே அந்த முடிவில்தான் இருக்கிறது. சிறிய வாயாக எடுத்து விழுங்கிவிட்டு, பத்து எண்ணுங்கள். பத்து வரை என்ன மிஞ்சியிருக்கிறது என்று கவனியுங்கள்.

இங்கே தமிழ் நாவுக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் பயன்படுத்துவது அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பி.ஜே.சி.பி. அமைப்பின் மதிப்பெண் தாள். அதில் துவர்ப்பை சுவையில் சேர்க்கவில்லை, வாய் உணர்வு என்ற பகுதியில் ஓர் ஓரமாக வைத்திருக்கிறார்கள். நமக்கோ சுவை ஆறு, அதில் துவர்ப்பும் ஒன்று. வாழைப்பூவையும் நாவல்பழத்தையும் கடுக்காயையும் சுவைத்து வளர்ந்தவர்களுக்குக் கசப்பும் துவர்ப்பும் வேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாகற்காய் கசக்கும், கன்னத்தை உள்ளே இழுக்காது. கடுக்காய் இழுக்கும். செசோனில் ஹாப்ஸ் தரும் கசப்பு வேண்டும், அது சுத்தமாக நின்று மறைய வேண்டும். நாக்கு கோந்து காய்ந்ததுபோல் இழுத்துப் பிடித்தால் அது தானிய உமியிலிருந்து வந்த துவர்ப்பு. மால்ட்டை அலசிய தண்ணீர் 77 டிகிரிக்கு மேல் சூடாக இருந்திருக்கலாம், அல்லது கடைசிச் சொட்டு வரை பிழிந்திருக்கலாம். மேசைகளில் பலமுறை பார்த்திருக்கிறேன், இரண்டையும் சேர்த்து 'கசப்பு அதிகம்' என்று எழுதிவிடுவார்கள். காய்ச்சியவர் ஹாப்ஸைக் குறைப்பார், துவர்ப்பு அப்படியே இருக்கும், அடுத்த ஆண்டும் அதே தாள்.

மற்றக் குறைகள் வகுப்பில் பார்த்தவைதான். ஈரமான பழைய அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. வெண்ணெய் வாசனை இந்த வகையில் கூடவே கூடாது. அவித்த முட்டைக்கோஸ் வாசனை வந்தால், சாற்றைக் கொதிக்கவைத்தது போதவில்லை. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் வாடை போல் குப்பென்று அடித்தால் ஹாப்ஸ் மீது வெளிச்சம் பட்டிருக்கிறது. பச்சைக் கண்ணாடி அதைத் தடுக்காது, பழுப்புக் கண்ணாடி ஓரளவு தடுக்கும். பெல்ஜியத்திலிருந்து பச்சை பாட்டிலில் கப்பலேறி வந்த செசோனையே குடித்துப் பழகியவர்கள் அந்த வாடையும் இந்த வகையின் குணம் என்று வாதாடுவார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. பாட்டிலில் நேர்ந்த விபத்தை பியரின் குணமாக்க முடியாது.

குதிரை லாயம், பழைய தோல் போன்ற வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற வேறு ஈஸ்ட்டின் கைவரிசை. பண்ணை பியர் என்ற பெயரைக் கேட்டதும் அது இருந்தே தீர வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது எனக்கும் பிடிக்கும், ஆனால் போட்டியில் அதற்குத் தனி வகை இருக்கிறது. பளிச்சென்று புளிப்பதும் அப்படியே. தவறான வகையில் அனுப்பப்பட்ட அருமையான பியர் என்றால், அதை அந்தச் சொற்களிலேயே எழுதுங்கள். அனுப்பியவருக்கு அது பெரிய ஆறுதல்.

மதிப்பெண் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய் உணர்வுக்கு 5, மொத்த மதிப்புக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்றுதான் என்பதை மறந்து, கலங்கலாக இருக்கிறது என்ற எரிச்சலில் மற்ற எல்லா இடத்திலும் வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டிலில் நொதித்த பியர் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் எழுதி முடிக்கும் வரை பேசாதீர்கள், முகத்திலும் எதையும் காட்டாதீர்கள். இருவர் எண்ணும் ஏழுக்கு மேல் விலகினால் மறுபடி குடித்துப் பேசுங்கள். மூத்தவர் சொல்லிவிட்டார் என்பதற்காக இறங்கி வராதீர்கள். உங்கள் நாவில் பட்டதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறோம்.

அன்றைக்குக் காலையில் சம்பல் வேண்டாம், அத்தர் வேண்டாம், வாசனை சோப்பில் கை கழுவ வேண்டாம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் நடுவில் வெறும் ரொட்டித் துண்டும் தண்ணீரும் போதும். வீட்டுக்கு ரயிலிலோ டாக்சியிலோ போங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தாளின் அடியில் மொத்த மதிப்பு என்ற பகுதியில் நாலைந்து வரி எழுத இடம் இருக்கிறது. மதியத்துக்கு மேல் களைப்பு வந்துவிடும், 'நன்றாக இருக்கிறது, தொடருங்கள்' என்று கிறுக்கிவிட்டு அடுத்த பாட்டிலுக்குப் போகத் தோன்றும். செய்யாதீர்கள். மால்ட் ஊறவைப்பதிலிருந்து மூடி அடிப்பது வரை ஒருவர் ஒன்றரை மாதம் காத்திருந்து அனுப்பியது அந்தப் பாட்டில். அவர் அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தையாவது, ஏன் என்ற காரணத்தோடு, படிக்கும்படியான கையெழுத்தில் எழுதுங்கள். செசோன் வரிசை மதியம் இரண்டு மணிக்கு. பரிமாறும் தம்பிகளிடம் சொல்லி, பாட்டில்களை ஒன்றே முக்காலுக்கே பனிக்கட்டியிலிருந்து வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு அதே மேசையில் உட்காரப்போகும் ஒரு நடுவர்